நான்கு பேர் பார்த்தது: பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தற்கொலை அபாயமும் பள்ளி செய்த வேலையும்

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, நெல்லும் வாழையும் மாறி மாறி வரும் பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நடந்தது இது. பள்ளிகளுக்குப் போய்வரும் உளவியல் ஆலோசகர் என்ற முறையில் முதல் நாளிலிருந்தே இதில் இருந்தேன். மாணவனும் குடும்பமும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையன் எப்படிச் சாக நினைத்தான் என்பது இதில் இருக்காது. அதை எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அது கெடுதலாகப் போய்விடும்.

படிக்கும்போது "இது என் நிலைமை மாதிரியே இருக்கே" என்றோ "என் பிள்ளை மாதிரியே இருக்கே" என்றோ தோன்றினால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பின்னணி

பையனுக்கு 16 வயது. அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அப்பா சென்னையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் தாத்தா, ஆச்சி, எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி. தாத்தாவுக்குக் கொஞ்சம் வாழை உண்டு. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து நல்ல மார்க் வாங்கினான். அந்த மார்க்கைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக் கணித உயிரியல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். காலாண்டுத் தேர்வில் இயற்பியலிலும் கணிதத்திலும் தோற்றான். அதற்கு முன்பு எந்தப் பரீட்சையிலும் அவன் தோற்றதில்லை.

யார் எதைப் பார்த்தார்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பள்ளிகளில் அபாயம் கண்ணில் படாமலே போவது அபூர்வம். பலர் கண்ணிலும் துண்டு துண்டாகப் படுகிறது, ஒருவர் பார்த்த துண்டு மற்றவருக்குத் தெரியாது.

வகுப்பாசிரியை பார்த்தது வருகைப் பதிவேட்டை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு திங்கள்கிழமைதோறும் பையன் வரவில்லை. முதல் பெஞ்சில் இருந்தவன் கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தான். வகுப்பிலேயே தூங்கினான். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் பாதிப் பிள்ளைகள் கொஞ்சம் இறங்குவதுண்டு, அரையாண்டுக்குள் ஏறிவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். அனுபவமுள்ள ஆசிரியை யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

தமிழாசிரியர் பார்த்தது கட்டுரை நோட்டை. 'எனது எதிர்காலக் கனவு' என்ற தலைப்புக்குக் கீழே நான்கு வரி எழுதி நிறுத்தியிருந்தான். நான்காவது வரி, "எதிர்காலம் என்று ஒன்று எனக்கு இருந்தால்". ஓரத்தில் சிவப்பு மையில் "முழுமையாக எழுதுக" என்று குறித்து ஐயா நோட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

உடற்கல்வி ஆசிரியர், பிள்ளைகளுக்குப் பி.டி. சார், பார்த்தது கபடி ஜெர்சியை. பள்ளி அணியில் பையன் நல்ல ரைடர். அவன் ஜெர்சியைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கேட்டதற்கு, "அண்ணன் தந்துட்டான் சார், இனி எனக்கு எதுக்குன்னான்" என்றான்.

நண்பன் பார்த்ததுதான் அதிகம். ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ், விடிவதற்குள் அழிந்திருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "என் சைக்கிள நீ வச்சுக்கலே" என்ற பேச்சு. என்னவென்று நோண்டிக் கேட்டபோது கொஞ்சம் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று நண்பனின் அம்மா பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டான் பையன்.

எங்கள் பக்கத்தில் அம்மா பேரில் செய்த சத்தியம் சின்ன விஷயமல்ல. நண்பன் மூன்று நாள் அதோடு கிடந்திருக்கிறான். நான்காம் நாள் காலையில் மைதானத்தில் பி.டி. சாரிடம் போய், "சார், சத்தியம் பண்ணிட்டு மீறுனா தப்பா சார்?" என்று கேட்டான். "எதுக்கு மீறுதோம்ங்கிறதப் பொறுத்துலே. சொல்லு" என்றார் சார். அவன் சொல்லிவிட்டான்.

பதின்வயதுப் பிள்ளைகள் இந்த மாதிரி விஷயத்தை முதலில் சொல்வது பெரும்பாலும் இன்னொரு பிள்ளையிடம்தான். அதனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் வகுப்பில் நான் சொல்வது இது: உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தைக் காப்பாற்றும் கடமை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. இதைப் பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னிலும் சத்தமாகச் சொல்லி வைத்திருக்க வேண்டும். சத்தியம் வாங்கப்படும் நேரத்தில் சொல்ல யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

கேட்ட விதம்

பி.டி. சார் அன்று காலையே வகுப்பாசிரியையிடமும் தமிழாசிரியரிடமும் தனித்தனியாக இரண்டு நிமிடம் பேசினார். "அந்தப் பையன்கிட்ட ஏதாவது வித்தியாசமாப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பதிவேடும் கட்டுரை நோட்டும் ஜெர்சியோடு வந்து சேர்ந்தன. அப்புறம் பையனை விளையாட்டுப் பொருள் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போய், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, அவன் எதிரே உட்கார்ந்தார். ஆசிரியர் அறைக்குக் கூப்பிடவில்லை. அங்கே வந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள்.

அவர் சொன்னதை அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். "கொஞ்ச நாளா உன்னப் பாத்துட்டுத்தான் இருக்கேன். விளையாட வரல, ஜெர்சியக் குடுத்திருக்க, தூங்கலன்னு மொகத்துலயே தெரியுது. மனசு ரொம்ப நொந்து கெடக்கும்போது செல பேருக்குச் செத்துப் போயிரலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதாலே?"

பையன் வெகுநேரம் பேசவில்லை. சாரும் பேசவில்லை. பிறகு, "தோணுது சார்" என்றான். "சொல்லிட்டல்லா, அது போதும். இப்ப நானும் கூட இருக்கேன்" என்றார் சார்.

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நம் பள்ளிகளில் பயப்படுகிறார்கள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று நல்ல மனதுள்ள ஆசிரியர்களே தயங்குகிறார்கள். இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து மேடலின் கூல்டும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. தற்கொலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேள்வி கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "அப்படியெல்லாம் ஒண்ணும் நெனக்கலைல்ல?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். இல்லை என்ற பதில்தான் வேண்டும் என்று கேட்கிறவரின் குரலே சொல்லிவிடுகிறது. பி.டி. சார் பார்த்ததைச் சொன்னார், சிலருக்கு அப்படித் தோன்றும் என்றார், அப்புறம் சாவு என்ற சொல்லைச் சுற்றி வளைக்காமல் கேட்டார். 'தப்பான முடிவு' என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லே ஒரு தீர்ப்பு. அதைக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

அன்று மாலை வரை

எனக்கு போன் வந்தது பதினோரு மணிக்கு. பாளையங்கோட்டையிலிருந்து நான் போய்ச் சேரும்வரை பையனைத் தனியாக விடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கழிப்பறைக்குப் போனாலும் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். அதைக் காவல் மாதிரிச் செய்யாமல் கூட இருப்பவராகச் செய்ய வேண்டும். சார் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார், கபடிப் பேச்சுப் பேசினார்.

நான் கேட்டவை எளிய கேள்விகள், ஆனால் வரிசை உண்டு. இந்த நினைப்பு எப்போதிலிருந்து? எத்தனை தரம் வருகிறது? எப்படி என்று யோசித்திருக்கிறாயா? அதற்கான பொருள் கைக்கு எட்டுமா? எப்போது என்று நினைத்திருக்கிறாயா? முன்பு எப்போதாவது முயற்சி செய்ததுண்டா? இதுவரை தடுத்தது எது? பையன் முன்பு முயற்சி செய்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. நாளும் குறித்திருந்தான். வருகிற சனிக்கிழமை, அம்மா சுற்றிய பீடியைக் கொடுக்கப் போயிருக்கும் நேரம். தடுத்தது எது என்றதற்கு, "தங்கச்சி தனியா வீட்டுக்கு வந்து பாப்பா" என்றான்.

அன்று வியாழக்கிழமை.

எண்ணம், வழி, பொருள், நாள் நான்கும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். இதற்கு மதிப்பெண் தாள் எதுவும் வேண்டியதில்லை. சில பள்ளிகளில் கேள்வித் தாள் கொடுத்துக் கூட்டிப் பார்த்து 'குறைந்த அபாயம்' என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். யார் முயற்சி செய்வார்கள், யார் செய்யமாட்டார்கள் என்று கணிக்க இத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் தரும் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாள் பேச்சைத் தொடங்க உதவட்டும். அதைக் காட்டிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

பிறகு பையனிடமே சொன்னேன்: "இத நான் உங்கம்மாகிட்டயும் மாமாகிட்டயும் சொல்லணும். உன் உயிர் சம்பந்தப்பட்டது, இத மட்டும் என்னால ரகசியமா வைக்க முடியாது. வேற எதெல்லாம் சொல்லணும், எத சொல்லக் கூடாதுன்னு நீ சொல்லு." அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: அப்பாவுக்கு இன்றைக்கே போன் போட வேண்டாம், ராத்திரி மாமா சொல்லட்டும். ஒப்புக்கொண்டோம். வகுப்புப் பிள்ளைகளுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் உடம்பு சரியில்லை என்பதற்கு மேல் எதுவும் போகாது என்று வாக்குக் கொடுத்தோம்.

தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் பயந்துபோனார். பெற்றோரிடம் ஏதாவது எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்பது அவர் முதல் கேள்வி. பேசிய விவரத்தைப் பள்ளிக் குறிப்பில் நாமே எழுதி வைப்போம், அம்மாவிடம் இப்போது தாளை நீட்டினால் பள்ளி கை கழுவுகிறது என்றுதான் படும் என்றேன். உடனே புரிந்துகொண்டார். டி.சி. என்ற பேச்சே எழவில்லை. மற்ற பல இடங்களில் முதலில் எழுவது அந்தப் பேச்சுதான் என்பதால் இதைக் குறித்து வைக்கிறேன்.

வீடு

அம்மாவும் தாய்மாமனும் பைக்கில் வந்தார்கள். பையனைக் கண்டதும் அம்மா, "ஏ எய்யா, ஒனக்கு என்னல கொற வச்சேன்" என்று அழுதார். அடுத்த நிமிடமே திட்டினார், அதற்கடுத்த நிமிடம் கட்டிக்கொண்டார். மூன்றும் ஒரே பயத்திலிருந்து வருவது என்று பையனுக்குப் பிறகு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "மேடம், போலீஸ் கேஸ் ஆயிருமா?" என்று மெல்லக் கேட்டார். இந்தப் பயத்திலேயே எத்தனையோ வீடுகள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுகின்றன. முயற்சி செய்தவரைத் தண்டிக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை வற்புறுத்துவதற்காகச் செய்யும் முயற்சி மட்டுமே அதில் குற்றம். அதற்கு முன்பே 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்லிவிட்டது. இங்கே முயற்சியே நடக்கவில்லை. கேஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாமாவுக்கு முகம் தெளிந்தது.

அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்ட வேண்டும் என்றார். கட்டுங்கள் என்றேன். கோயிலுக்கும் போகலாம், ஆஸ்பத்திரிக்கும் போகலாம். இன்றைக்கு முதலில் ஆஸ்பத்திரி. நம்பிக்கையோடு சண்டை போட்டு ஒரு தாயை நம் பக்கம் இழுக்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை.

மாமாவுக்கு ஒரு வேலை கொடுத்தோம். பையன் வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். வயலுக்கு அடிக்கும் மருந்துகள் எல்லாம் தோட்டத்து மோட்டார் அறைக்குப் போய்ப் பூட்டப்பட்டன, சாவி மாமாவிடம். ஆச்சியின் சுகர் மாத்திரை, தாத்தாவின் பிரஷர் மாத்திரை பீரோவுக்குள். இதெல்லாம் சின்ன ஏற்பாடாகத் தோன்றும், ஆனால் உயிரைக் காப்பாற்றுவதில் இதற்கு இருக்கும் சான்று வேறு பலவற்றுக்கு இல்லை. சாக வேண்டும் என்ற உந்துதலின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாவிட்டால் பலரும் பிழைத்துக்கொள்கிறார்கள். இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கொடிய நச்சுப் பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நம் கடலூர் மாவட்டத்திலேயே, மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறையை லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தார்கள். 1986-இல் சென்னையில் சிநேகா அமைப்பைத் தொடங்கியவர் அவர்.

ஆஸ்பத்திரி

ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்று மாலையே போனோம். பி.டி. சாரும் கூட வந்தார். இரண்டு இரவு வைத்திருந்து பார்த்தார்கள். மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் சொல்லி மாத்திரை எழுதினார். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகள் தொடங்கும் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, ஆள் கூட இருக்க வேண்டும். அம்மா கையால் அன்றன்றைக்கு எடுத்துக் கொடுப்பது, அட்டை பையனிடம் போகாமல் இருப்பது, முதல் மாதம் வாரம் ஒருமுறை வந்து காட்டுவது என்று பேசிக்கொண்டோம்.

காரணம் என்று சொன்னதும், இருந்ததும்

வகுப்பாசிரியை, அம்மா, மாமா, பையன் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே: மார்க்கு. அதில் உண்மை இருந்தது. ஆங்கில வழிப் பாடம் அவனுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். அப்பா போன் எடுத்தால் முதல் கேள்வி மார்க்கு, கடைசிக் கேள்வியும் மார்க்கு. இதோடு நிறுத்தியிருந்தால் டியூஷன் ஏற்பாடு செய்துவிட்டு முடிந்தது என்று நினைத்திருப்போம். ஆனால் காலாண்டில் தோற்ற பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே நிறையப் பேர். இவனுக்கு மட்டும் ஏன் சாவு பக்கத்தில் வந்து நின்றது என்ற கேள்விக்கு மார்க்கு பதில் சொல்லாது.

எப்போதும் கேட்பவற்றை எல்லாம் கேட்டேன். காதல் விவகாரம், போனில் யாராவது மிரட்டுவது, யாராவது உடம்பைத் தொட்டுத் தொல்லை கொடுப்பது. கடைசியாகச் சொன்னது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும் என்பதால் அதைத் தனியாக, பொறுமையாகக் கேட்க வேண்டும். சாதியையும் கேட்டேன். எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளையிடம் அதைக் கேட்காத விசாரணை முழு விசாரணை ஆகாது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதற்குப் பிறகு மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல நீதியரசர் கே. சந்துரு குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் கலர்க் கயிற்றிலிருந்து யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதுவரை சாதி பிள்ளைகளின் மனதில் இருக்கிறது. இவன் விஷயத்தில் அது இல்லை.

இரண்டாவது சந்திப்பில், "சொந்தத்துல யாராவது இப்படிப் போயிருக்காங்களா?" என்று கேட்டேன். பெரியப்பா மகன் என்றான். முந்தின வருடம் செப்டம்பர் கடைசியில். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், இவனுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவன். ஊருக்கு நெஞ்சுவலி என்று சொல்லி முடித்துவிட்டார்கள். வீட்டுக்குள்ளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. இவனுக்கு உண்மை தெரியும், தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பாபநாசத்துக்குக் குளிக்கக் கூப்பிட்டிருக்கிறான். இவன் டியூஷன் இருக்கு என்று போகவில்லை. போயிருந்தால் சொல்லியிருப்பானோ என்று ஒரு வருடமாக இவன் மட்டும் தனியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்புறம் அந்தப் பேனர். காலாண்டு விடுமுறையில் முதல் வருடத் திதி வந்தது. பையன் தினமும் ஏறும் பஸ் ஸ்டாப்பில் 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று பெரிய பிளக்ஸ் கட்டினார்கள். நடுவே அண்ணனின் சிரித்த முகம், ஒரு பக்கம் மலர்வு, மறுபக்கம் உதிர்வு. எங்கள் ஊர் வழக்கப்படி கீழே சொந்தக்காரர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக. அதில் இவன் படமும் இருந்தது. திங்கள்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டேன். சனி, ஞாயிறு பார்க்காமல் இருந்துவிட்டுத் திங்கள்கிழமை மறுபடியும் அதன் முன்னால் நிற்க முடியவில்லை என்றான்.

நெருங்கிய ஒருவரைத் தற்கொலையில் இழப்பது இளம் வயதினரின் அபாயத்தைக் கூட்டும்; இறந்தவரைக் கொண்டாடும் காட்சிகளும் வருட நினைவு நாட்களும் அதை இன்னும் கூட்டும். அதனால்தான் பள்ளியில் அப்படியொரு சாவு நேர்ந்தால் மாலை போட்ட படம், சிறப்புக் கூட்டம் போன்றவை வேண்டாம், பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்கார வைத்துப் பேசுங்கள் என்கிறோம். ஊர் பஸ் ஸ்டாப்பில் கட்டும் பிளக்ஸ் பற்றி நான் படித்த எந்தக் கையேட்டிலும் இல்லை. இங்கே அதுதான் முக்கியமாக இருந்தது.

பெரியப்பாவிடம் யார் பேசுவது? பிள்ளையை இழந்தவரிடம் படத்தை இறக்கச் சொல்வது எளிதல்ல. ஆச்சி போனார். தன் மூத்த மகனிடம், "செத்த பேரனுக்குப் படம் வீட்டுக்குள்ள இருக்கட்டும்யா, இருக்கிற பேரனுக்குப் பாதைய விடு" என்றாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவே வந்து பிளக்ஸை அவிழ்த்துக்கொண்டு போனார். அதற்கடுத்த வாரம் பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னிடம் பேச வந்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் வாயிலிருந்து உண்மை வந்தது அன்றுதான்.

அப்பா நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து வந்தார். அவரிடம் நீளமாக எதுவும் பேசவில்லை. தினமும் போன் செய்ய வேண்டும், மூன்று மாதத்துக்கு மார்க்கைப் பற்றி ஒரு சொல் கூடாது, இவ்வளவுதான். அப்படியானால் என்ன பேசுவது என்று உண்மையாகவே கேட்டார். சாப்பிட்டியா, என்ன குழம்பு, கபடிக்குப் போனியா. அதிலிருந்து தொடங்கினார்.

ஒரு தாள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பையனோடு உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம்தான் அதன் அடிப்படை. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தோடு தொடர்ந்து போன் செய்து விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடவடிக்கைகள் 45 சதவீதம் குறைந்ததாக 2018-இல் ஆய்வு வந்தது. திட்டம் யாருடையதாக இருந்தாலும் சொற்கள் பிள்ளையின் சொற்களாக இருக்க வேண்டும். அவன் சொன்னதை அவனே எழுதினான்.

மோசமாகப் போகுது என்பதற்கு அடையாளம்: 'ராத்திரி பதினோரு மணிக்கு மேல புக்கு திறந்திருக்கு, ஒண்ணும் ஏறல, அண்ணன் ஞாபகம் வருது.' தனியாகச் செய்வது: போனை அணைத்துவிட்டு ஆச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போடுவது, பகலாக இருந்தால் மாமாவோடு பம்புசெட்டில் குளிப்பது. பேச்சை மாற்ற ஆட்கள்: மாமா ஒர்க்ஷாப், கபடிப் பசங்க. உண்மையைச் சொல்ல ஆட்கள்: மாமா, பி.டி. சார், அம்மா. அவர்கள் கிடைக்காவிட்டால் 14416. அதற்கும் மேலே போனால் ஹைகிரவுண்ட் அவசரப் பிரிவு, மாமா பைக். வீட்டில் பூட்டியிருக்க வேண்டியவை: மாமா பொறுப்பு. தாளை மடித்து போன் கவருக்குள் வைத்துக்கொண்டான். ஒரு நகல் மாமாவிடம், ஒன்று சாரிடம்.

அம்மாவை அவன் மூன்றாவதாக எழுதியது அம்மாவுக்கு வருத்தம். பரவாயில்லை, பட்டியலில் இருக்கிறீர்கள் என்றேன்.

திரும்பி வந்த வாரங்கள்

பள்ளிக்குத் திரும்பும் நாள்தான் கடினம். முதல் வாரம் காலையில் வாசலில் பி.டி. சார் நின்றார், மதியம் ஒருதரம் பார்த்தார், மாலை பஸ் ஏறும்வரை நண்பர்கள் கூட. விட்டுப்போன பாடங்களுக்கு எந்த ஆசிரியரும் நோட்டுக் கேட்கக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவைத்தார். அதே பிரிவில் தமிழ் வழிக்கு மாறிக்கொள்ள வழி இருந்தது. பையனே கேட்டான், மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியதைத் தோல்வி என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

நண்பன் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பையன் அவனோடு மூன்று வாரம் பேசவில்லை. "சத்தியத்த மீறிட்டான்" என்றான் என்னிடம். நண்பனுக்கோ தூக்கமே போய்விட்டது. தன் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அவனையும் தனியாகச் சந்தித்தேன், அவன் அம்மாவையும் சந்தித்தேன். அந்த அம்மா மகனிடம், "நீ மீறுன சத்தியம் என்னைய ஒண்ணும் செய்யாது, போ" என்று சொன்ன பிறகுதான் அவன் தூங்கினான். அபாயத்தைச் சொன்ன பிள்ளையைப் பள்ளிகள் உடனே மறந்துவிடுகின்றன. அவனுக்கும் ஓர் ஆள் வேண்டும். அரையாண்டுக்கு முன்னால் இருவரும் மறுபடியும் ஒன்றாக பஸ்ஸுக்கு நின்றார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் மாறியது

2022-இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் பரீட்சை சார்ந்து சில நல்ல மாற்றங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. 2017 முதல் மாநில ரேங்க் அறிவிப்பு இல்லை. தோற்றவர்களுக்கு உடனே துணைத் தேர்வு உண்டு. ரிசல்ட் சமயத்தில் 104 உதவி எண்ணில் பேசலாம். ஆனால் இந்தப் பையன் விழுந்தது காலாண்டில். அப்போது யாரும் உதவி எண்ணை விளம்பரப்படுத்துவதில்லை.

இந்தப் பள்ளி செய்தது பெரிய திட்டமொன்றுமில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் முடிந்ததும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் பத்து நிமிடம் நின்றபடியே பேசுகிறார்கள். "இந்த வாரம் யாரப் பாத்து மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு?" இதுதான் கேள்வி. பி.டி. சாரும் ஆய்வக உதவியாளரும் கட்டாயம் இருக்க வேண்டும். பாடம் நடத்தாதவர்கள் கண்ணுக்குத்தான் நிறையத் தெரிகிறது. இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர் திங்கள்கிழமைக்குள் பேச வேண்டும்.

ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2015-இல் லான்செட் இதழில் வந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, கேள்வித் தாள் கொடுத்து அபாயத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது, மாணவர்களோடு நேரடியாக மனநலம் பேசி நடித்துப் பழக்குவது என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துத் தற்கொலை முயற்சிகள் தெளிவாகக் குறைந்தது மாணவர்களோடு பேசிய குழுவில்தான். நண்பன் மைதானத்தில் கேட்ட கேள்வியை நினைத்தால் இதில் எனக்கு ஆச்சரியமில்லை. இப்போது அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளோடு உட்காருகிறோம். நண்பன் சாகப்போகிறேன் என்றால் என்ன சொல்வது, யாரிடம் ஓடுவது என்று நடித்தே பழகுகிறார்கள்.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் குறைந்தது ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அந்த ஆள் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதைத்தான் மேலே எழுதினேன்.

இப்போதைய நிலை

பையன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறான். மாத்திரை தொடர்கிறது, மாதம் ஒருமுறை ஹைகிரவுண்டில் பார்க்கிறார்கள். நினைப்பு முழுக்கப் போய்விடவில்லை. ஆண்டுத் தேர்வுச் சமயத்தில் ஒருதரம் வந்தது. தாளில் உள்ளபடி மாமாவைக் கூப்பிட்டான். மாமா ஒர்க்ஷாப்பை அடைத்துவிட்டு வந்து ராத்திரி முழுக்கக் கூட இருந்தார். மறுநாள் காலையில் மருத்துவரைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் இரண்டாம் வருடத் திதி வருகிறது. பெரியப்பா வீட்டில் படையல் மட்டும், பிளக்ஸ் இல்லை என்று பேசி முடித்திருக்கிறார்கள். அன்றும் அதற்கு முன்பின் ஒரு வாரமும் அப்பா லீவு போட்டு ஊரில் இருப்பார். ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் பி.டி. சாருக்கு வேறு ஊர் கிடைக்கக்கூடும் என்பதால், பையனின் தாளில் தமிழாசிரியரின் போன் நம்பரையும் சேர்த்திருக்கிறோம். சேர்க்கலாமா என்று கேட்டபோது பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஐயாவிடம் தானே போய்ச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். சொல்லிவிட்டான் என்று ஐயா போன வாரம் தெரிவித்தார்.